பார்ட் மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கார் கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. பாதிக் கேள்விகள் பேட்டரி சார்ஜ் பற்றி, மீதி பெட்ரோல், டீசல் சப்ளை பற்றி. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பும், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் கரன்ட்டில் ஓடுபவை என்பதால், சார்ஜிங்கில் இருக்கும் கோளாறு பல நேரம் பெட்ரோல் கோளாறு போலவே வெளியே தெரியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால், கீழே சொல்லியிருக்கும் சோதனைகளில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

பத்து வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். ஆறு மாதம் முன்புதான் புது பேட்டரி போட்டேன். காலையில் செல்ஃப் அடித்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது. ஆல்டர்நேட்டர் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், காசிமேடு

ஆல்டர்நேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) அளக்காமல் மாற்றாதீர்கள். கடலோரம் நிற்கும் வண்டி என்பதால் எங்களுக்கு முதல் சந்தேகம், பேட்டரி மைனஸை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் வயர் மேல்தான்.

காலையில் கீ போடும் முன் பானட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட காலி. இப்போது ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது செல் ஒன்று போயிருக்கிறது. 12-க்கு மேலேயே நின்றுகொண்டு ‘டிக் டிக்’ மட்டும் கேட்டால் பேட்டரி நன்றாக இருக்கிறது, அதன் கரன்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம்மில் வைத்து மறுபடி அளங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட் ஹை பீம், ஏசி ப்ளோயர் இரண்டையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. (இப்போது வரும் பல கார்களில் ஆல்டர்நேட்டரை ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்துகிறது. அவற்றில் பேட்டரி நிறைந்ததும் 12.8 வரை இறங்குவது சகஜம். உங்கள் வண்டியின் வயதுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.)

வோல்டேஜ் குறைவாக வந்தாலும் ஆல்டர்நேட்டர்மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை. ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்நேட்டரின் பின்னால் கனமான வயர் ஏறும் பி பிளஸ் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், நடுவில் இருக்கும் ஈயத் தண்டின் மேலேயே வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ கிளாம்ப்பிலோ கரன்ட் வீணாகிறது. அடுத்து ஆல்டர்நேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸ் தண்டுக்கும் இடையில் அளங்கள். இங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். 0.5, 0.8 என்று காட்டினால், ஆல்டர்நேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.5-தான் கிடைக்கும். இரவு முழுக்க ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. புது ஆல்டர்நேட்டர் போட்டாலும் இதே கதைதான்.

உப்புக் காற்று எர்த் வயரை உள்ளிருந்து அரிக்கும். வெளியே ரப்பர் உறை நன்றாகவே இருக்கும். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் உறையைச் சற்று விலக்கிப் பார்த்தால் செம்பு பச்சைத் தூளாக உதிரும். கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் போகும் பட்டை எர்த்தில் போல்ட்டுக்கு அடியில் துரு படிந்திருக்கும். இப்படிப்பட்ட வயரைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது. பழையதைவிட மெலிதாக இல்லாத புது எர்த் கேபிளாக வாங்கி மாற்றுங்கள். போல்ட் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், முதலில் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு பிளஸ்ஸைக் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, ஒயர் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது. காய்ந்ததும் மாட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யவே விடாதீர்கள். வண்டி ஓடும்போது பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றி, ‘ஆஃப் ஆகவில்லை, ஆல்டர்நேட்டர் நல்லாயிருக்கு’ என்று பார்ப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். பேட்டரி விலகிய அந்த நொடியில் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். ஈசியூ, மீட்டர் கன்சோல், ஆல்டர்நேட்டரின் டயோடு என எது வேண்டுமானாலும் போகும்.

கீ போட்டால் டேஷ்போர்டில் பேட்டரி லைட்டே எரிவதில்லை. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லைட் எரியாதது நல்லதுதானே?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இல்லை. கீ ஆன் செய்ததும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைவதுதான் சரி. பழைய கார்கள் பலவற்றில் அந்த பல்ப் வழியாகப் போகும் சிறு கரன்ட்டில்தான் ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்ளும். பல்ப் ஃப்யூஸ் போனாலோ, ஆல்டர்நேட்டரின் எல் முனைக்கு வரும் மெல்லிய வயர் அறுந்தாலோ, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை நன்றாக மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாது. சில வண்டிகளில் ஏறவே ஏறாது. எல் சாக்கெட்டைக் கழற்றி, கீ ஆனில் வைத்து அந்த வயரை பாடியில் தொடுங்கள். லைட் எரிந்தால் பல்ப்பும் வயரும் சரி, ஆல்டர்நேட்டருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். இவை இரண்டும் தனியாகக் கிடைக்கும். முழு ஆல்டர்நேட்டர் வாங்கத் தேவையில்லை. ஈசியூ கட்டுப்பாட்டில் இருக்கும் புதிய கார்களில் இப்படி வயரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

டாக்ஸி ஓட்டுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் இரவு நேரம் மாட்டினால் ஹெட்லைட் மங்குகிறது. வண்டி நகர்ந்ததும் சரியாகிவிடுகிறது. சில நாள் பெல்ட் ‘கீச்’சென்று கத்துகிறது.
– வாசகர், தண்டையார்பேட்டை

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை எடுக்கும். ப்ளோயர் முழு வேகத்தில் இன்னொரு 10-க்கு மேல் எடுக்கும். ரேடியேட்டர் ஃபேன் அதற்கும் மேல். இக்னிஷன், பெட்ரோல் பம்ப் தனி. சிறிய காரின் ஆல்டர்நேட்டர் 60, 70 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், அது வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐட்லிங்கில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஏசியோடு நிற்கும் வண்டியில் லைட் லேசாக மங்குவதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. மீட்டரில் 13-க்குக் கீழே இறங்கினால்தான் கோளாறு.

ஆனால் பெல்ட் கத்துவது வேறு. பெல்ட் புல்லியில் வழுக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பெல்ட்டின் உள்பக்க வரிகளில் வெடிப்பு இருந்தாலோ, கண்ணாடி போலப் பளபளத்தாலோ மாற்றுங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அமுக்கினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இறங்கலாம். ஆட்டோ டென்ஷனர் உள்ள வண்டியில் டென்ஷனரின் ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் பாருங்கள். பெல்ட் வேக்ஸ், பவுடர் எதுவும் வேண்டாம். சத்தம் அடங்கும், வழுக்கல் அடங்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர், மணலி பக்கம் எண்ணெய் கலந்து வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரித் தண்ணீர் பட்ட பெல்ட்டைக் கழுவிப் போடக் கூடாது, ரப்பர் ஊறிப்போயிருக்கும்.

வாரம் ஒருமுறைதான் காரை எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேட்டரி டவுன். சார்ஜிங் வோல்டேஜ் 14.2 சரியாகவே இருக்கிறது.
– வாசகர், வியாசர்பாடி

நிற்கும்போது எதுவோ கரன்ட்டைக் குடிக்கிறது. கணக்கைப் பாருங்கள். நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் எடுக்கலாம். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒரு வாரத்தில் கால்வாசிதான் இறங்கும். இதுவே 200 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 4.8. நான்கு நாளில் பாதிக்கு மேல் காலி.

மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, கிளாம்ப்புக்கும் தண்டுக்கும் இடையில் தொடராக இணையுங்கள். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். உடனே பார்த்தால் ஆம்பியர் கணக்கில் காட்டிப் பயமுறுத்தும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அரை மணி கழித்தும் 50-க்கு மேல் இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் இறங்குகிறதோ அந்த லைன்தான். நேராக பேட்டரியிலிருந்து வயர் இழுத்த ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், அணையாத டிக்கி பல்ப் இவைதான் பெரும்பாலும் மாட்டும். எந்த ஃப்யூஸை எடுத்தும் இறங்கவில்லை என்றால் ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் வயரைக் கழற்றிவிட்டு (பேட்டரி முழுவதுமாகக் கழன்றிருக்கும்போது), மீட்டரை மறுபடி இணைத்துப் பாருங்கள். டயோடு கசிந்தால் இப்போது இறங்கும். அதை உறுதிசெய்ய, வண்டி ஓடும்போது பேட்டரியில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது.

பெரம்பூர் மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் வண்டி திணறுகிறது, குலுங்குகிறது. ஐட்லிங்கில் எந்தக் குறையும் இல்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. இப்போது பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
– வாசகர், பெரம்பூர்

ஐட்லிங்கில் இன்ஜினுக்குத் துளிதான் பெட்ரோல் வேண்டும். மேடு ஏறும்போது பல மடங்கு வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் திணறினால் சப்ளையில் குறை என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் குறை பம்ப்பில்தான் என்று எப்படித் தெரிந்தது?

முதலில் ஸ்கேனரில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் எண்ணை (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. லோடில் பிளஸ் 15, பிளஸ் 20 என்று ஏறினால் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது ஏர் அளக்கும் சென்சார் தப்பாகச் சொல்கிறது. ஐட்லிங்கில் ஏறி, வேகத்தில் இறங்கினால் வேக்யூம் ஹோஸில் ஏர் இழுக்கிறது, பெட்ரோல் லைனில் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது பிரஷர் கேஜ். வாடகைக்கு எடுத்தாலும் தவறில்லை, இதைத் தவிர்க்கவே கூடாது. மாட்டும் முன் லைனில் அழுத்தத்தை இறக்க வேண்டும்: பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, வண்டி தானே ஆஃப் ஆகும்வரை ஓடவிட்டு, பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், இன்ஜின் ஆறியிருக்கட்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஃப்யூயல் ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) முன்னால் டி கனெக்டர் வைத்து கேஜை மாட்டிவிட்டு, ஃப்யூஸையும் மைனஸையும் திரும்பப் போட்டுக் கசிவு பாருங்கள். எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களில் அழுத்தம் சுமார் 3 பார் முதல் 4 பார் வரை இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதுதான். ஐட்லிங்கில் எவ்வளவு என்பதைவிட, நீளமான குழாயில் கேஜை வைப்பருக்கு அடியில் தெரியும்படி கட்டி, ஒருவர் ஓட்ட ஒருவர் பார்க்க, அதே பாலத்தில் ஏறிப் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். அங்கே 3.5 இருந்தது 2.2-க்கு இறங்கினால் சப்ளை குறைகிறது. இறங்கவே இல்லை என்றால் பம்ப்பை மறந்துவிட்டு இக்னிஷன் காயிலையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைப்பையும் பாருங்கள்.

இறங்கினால்? இங்கேதான் பலர் அவசரப்பட்டுப் பணத்தை விடுகிறார்கள். பின்சீட்டைத் தூக்கினால் டேங்க் மேல் பம்ப்பின் சாக்கெட் தெரியும். வண்டி ஓடும்போது சாக்கெட்டின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து பிளஸ், எர்த் வயர்களுக்கு இடையில் அளங்கள். பேட்டரியில் 14 இருக்கும்போது இங்கே 13.3-க்கு மேல் இருக்க வேண்டும். 11, 11.5 என்றுதான் வருகிறது என்றால் பம்ப் பாவம், அதற்குச் சாப்பாடே போகவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் குறையும். ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டப் பார்க்கும், பல கார்களில் பம்ப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.2-க்கு மேல் வந்தால் பம்ப் எர்த் துருப்பிடித்திருக்கிறது. பிளஸ் பக்கம் குறைந்தால் ரிலேயின் காலைக் கழற்றிப் பாருங்கள், கறுத்துக் கருகியிருக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு பின் உருகியிருப்பதும் அடிக்கடி பார்ப்பதுதான். பேட்டரியிலேயே 12.3-தான் இருக்கிறது என்றால், உங்கள் பிக்கப் குறைக்கு மருந்து ஆல்டர்நேட்டரில் இருக்கிறது.

வோல்டேஜ் சரியாக இருந்தும் பிரஷர் இறங்கினால் கிளாம்ப் மீட்டரில் பம்ப் எடுக்கும் கரன்ட்டைப் பாருங்கள். பொதுவாக 4 முதல் 7 ஆம்பியர். அதைவிட அதிகமாக எடுத்தால் பம்ப்புக்குப் பிறகு ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. குறைவாக எடுத்தால் கீழே உள்ள சல்லடை அடைத்து பம்ப் வெறுமனே சுற்றுகிறது, அல்லது உள்ளே தேய்ந்திருக்கிறது. பல கார்களில் ஃபில்டரும் பம்ப்பும் டேங்குக்குள் ஒரே கூட்டில் இருக்கும். சல்லடை, ஃபில்டர், மோட்டார் தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ பார்ட் நம்பரைக் காட்டிக் கேளுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பழையதையே போடாதீர்கள், பெட்ரோல் வாடை வரும், அது ஆபத்து.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏழெட்டு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. அதன்பிறகு நாள் முழுக்க ஒரே அடியில் ஸ்டார்ட்.
– வாசகர், திருவொற்றியூர்

கீயை ஆன் செய்து, பின்சீட்டுக்கு அடியில் வரும் ‘விர்’ சத்தம் இரண்டு விநாடியில் அடங்கியதும் ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உடனே பற்றிக்கொண்டால், இரவில் லைனிலிருந்து அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பின் செக் வால்வ் (பெட்ரோல் திரும்பாமல் தடுப்பது) வழியாக டேங்குக்குத் திரும்பலாம், இன்ஜெக்டர் சொட்டலாம். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வந்தால் இன்ஜெக்டர். வாடை இல்லையென்றால் செக் வால்வ். மூன்று முறை கீ போட்டும் மாற்றம் இல்லையென்றால் கூலன்ட் வெப்ப சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

தெருவில் சக்கரம் மூழ்கத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு டீசல் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப் புகையோடு துடித்து அணைந்துவிடுகிறது.
– வாசகர், மணலி புதுநகர்

இனி ஒரு முறைகூடச் செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அழுத்த முடியாத தண்ணீரை பிஸ்டன் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். அதை மெக்கானிக் பார்க்கட்டும்.

உலர்ந்திருந்தால் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள ட்ரெயின் திருகை அரைச் சுற்று திறந்து, 100 மில்லி அளவுக்குக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிக் கோடு போட்டது போலப் பிரிந்து தெரியும். தண்ணீர் தெரிந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது. டேங்கை இறக்கிக் காலி செய்ய வேண்டும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் கலந்த டீசலில் அது ஓடினால் உலோகம் உலோகத்தை அரைத்து, அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். செலவு பத்து மடங்காவது இங்கேதான்.

புது ஃபில்டரும் சுத்தமான டீசலும் போட்டபின், கையால் அமுக்கும் ப்ரைமர் இருந்தால் இறுகும்வரை அமுக்கி ஏர் எடுங்கள். ஃபில்டருக்குப் பிறகு ஒரு சாண் ஒளி ஊடுருவும் ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். குமிழி நிற்கவில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் வழியில் ஏதோ ஜாயின்ட் ஏர் இழுக்கிறது. செல்ஃப் அடிப்பது ஒரு தடவைக்கு 10 விநாடி, இடையில் ஒரு நிமிட ஓய்வு. அப்போதும் எடுக்கவில்லை என்றால் ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 பாரையாவது எட்டாவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்காது. பழைய டீசல் வண்டி போல இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலை இதில் கூடவே கூடாது. ஓடும்போது ரெயிலில் 1600 பார் வரை போகும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பட்டுவிட்டால் சிறு புள்ளிதானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிஎன்ஜி டாக்ஸி. பெட்ரோல் ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான் என்பதால் நூறு, இருநூறு ரூபாய்க்குத்தான் போடுவேன். இப்போது ஸ்டார்ட்டே சரியாக ஆவதில்லை.
– வாசகர், மாதவரம்

பம்ப்பைக் குளிர வைப்பது டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே வைத்தால் பம்ப் சூடேறித் தேயும், அடியில் உள்ள கசடு சல்லடையில் சேரும். காலி டேங்கில் மேலே நிறைய காற்று, அதில் ஈரம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து தனியாகப் பிரிந்து பம்ப் உறிஞ்சும் அடிமட்டத்தில் தங்கும். டேங்க் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்து சல்லடையை மாற்றுங்கள். பிறகு மேலே பெரம்பூர் வாசகருக்குச் சொன்ன வரிசையில் சாக்கெட் வோல்டேஜ், பிரஷர் இரண்டையும் பார்த்துவிட்டு பம்ப்பைப் பற்றி முடிவெடுங்கள். இனி கால் டேங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருங்கள், வாரத்தில் ஒருநாள் 15, 20 கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.